நன்றாகக் காய வைத்து

"வீட்டுக்காரி இருக்காங்களான்னு ஒருத்தர் கேக்குறாரு மேடம். யாரோட வீட்டுக்காரின்னு கேட்டேன், கோவிச்சுக்கிட்டாரு" என்று சிரித்துக்கொண்டே வரவேற்பில் இருக்கும் பெண் போனை என் மேசைக்கு மாற்றினாள். பத்தொன்பது வருஷமாக இதே ஜோக். அந்த நாற்காலியில் எத்தனையோ பெண்கள் வந்து உட்கார்ந்து எழுந்து போய்விட்டார்கள், ஜோக் மட்டும் நிரந்தர ஊழியராகிவிட்டது.

'வீட்டுக்காரி சொல்கிறாள்' என்பது எங்கள் வார இதழில் கடைசிக்கு முந்தைய பக்கம். கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிவதை எலுமிச்சைச் சாற்றால் எடுப்பது, சிக்கிக்கொண்ட ஜிப்பில் மெழுகுவத்தியைத் தேய்த்து இறக்குவது, நனைந்த ஷூவுக்குள் பழைய பேப்பரைத் திணித்து வைப்பது. வாரத்துக்கு ஏழு குறிப்பு. அந்த வீட்டுக்காரி நான்தான். என் சொந்த வீட்டில் சிங்க் குழாய் நாலு மாதமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியாது.

"சொல்லுங்க, வீட்டுக்காரிதான் பேசுறேன்."

"ஒரு சின்ன சந்தேகம்மா." வயதான குரல். நிதானமாக, எழுதி வைத்துப் படிக்கிற மாதிரி பேசினார். "'நன்றாகக் காய வைத்து'ன்னா என்ன அர்த்தம்?"

அன்று திங்கட்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் பக்கம் போயாக வேண்டும். காலையில் வீட்டில் மோட்டார் ஓடவில்லை. பஸ்ஸில் வழி முழுக்க நின்றுகொண்டே வந்ததில் இடுப்பு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. இதில் இவருக்கு அகராதி வேறு பார்த்துச் சொல்ல வேண்டுமாக்கும் என்று எரிச்சல் வந்தது.

"காய வைக்கிறதுன்னா காய வைக்கிறதுதான் சார். ஈரம் போற வரைக்கும் வைக்கிறது."

போனை வைக்கப் போனேன்.

"அப்போ அடுப்புல இல்லையா?" என்றார்.

"எது சார் அடுப்புல?"

"நான்ஸ்டிக் வாணலி. போன மாசம் ரெண்டாவது வாரம் போட்டிருந்தீங்க." தாள் புரளும் சத்தம் கேட்டது. நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "'நான்ஸ்டிக் வாணலியைக் கழுவியதும் நன்றாகக் காய வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, நடுவே காகிதம் வைத்து அடுக்கினால் கீறல் விழாது.' நான் கழுவி அடுப்புல வச்சேம்மா. நன்றாகன்னு போட்டிருந்துச்சு. அதனால தீயை நல்லாவே வச்சுட்டு குளிக்கப் போனேன்."

"ஐயையோ. வாணலி போச்சா சார்?"

"வாணலி கெடக்குது. ரெண்டு பறவை போயிடுச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாணலிக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அவர் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு கூண்டு தொங்குகிறதாம். அதில் இரண்டு லவ் பேர்ட்ஸ். குளித்துவிட்டு வந்து பார்த்தால் வாணலியிலிருந்து புகை, கூண்டின் தரையில் இரண்டும் மல்லாந்து கிடந்தனவாம். அட்டைப் பெட்டியில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். நான்ஸ்டிக் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் அதிலிருந்து வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும், ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது என்று மருத்துவர் சொன்னாராம்.

"அது ஆச்சு ஆறு நாள்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம். அதை ஒளிப்பானேன். என் பக்கத்தில் எந்தக் குறிப்பையும் செய்து பார்க்காமல் நான் போட்டதில்லை. ஒவ்வொரு குறிப்பின் கீழேயும் சின்ன வட்ட முத்திரை இருக்கும்: 'செய்து பார்த்தாச்சு'. அது என் பிடிவாதம். அந்த முத்திரைக்காக என் கணவரின் சட்டைகள் எத்தனை மையில் நனைந்து, எத்தனை பாலில் ஊறி, எத்தனை வெளுத்து நாசமாகியிருக்கின்றன என்று அவரைக் கேட்டால் தெரியும். "ஆராய்ச்சிக் கூடத்துல எலிக்காவது வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவாங்க" என்பார். அந்த வாணலியையும் என் கையாலேயே கழுவி, துடைத்து, ஜன்னலோரம் கவிழ்த்து வைத்து, எண்ணெய் தடவி, காகிதம் போட்டு, மூன்று வாரம் பொறுத்துக் கீறல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுதினேன். அவசரத்தில் எழுதிவிட்டேன் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"சார், நான் எழுதினதுல தப்பு இல்லையே" என்றேன்.

"தப்புன்னு நான் சொல்லலையேம்மா. அர்த்தம்தான் கேட்டேன்."



பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காகக் கடல் தாண்டிப் போயிருக்கிறார். ஐந்து மாதம் ஆகிறது. இன்னும் பன்னிரண்டு நாளில் திரும்பி வருகிறார். பறவைகள் அந்த அம்மாவுடையவை. போகும்போது பறவைகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் இவர் கையில் கொடுத்து, "ரெண்டையும் பத்திரமா பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். தினம் மாலை ஆறு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவார். வந்ததும் முதல் கேள்வி பறவைகளைப் பற்றித்தான்.

"கூண்டு மேல துண்டைப் போட்டு மூடி வச்சிருக்கேன். தூங்குதுங்கன்னு சொல்றேன். ஆறு நாளா சாயங்காலம் ஆறு மணிக்கே தூங்குதுங்களான்னு கேக்குறா. நானும் எத்தனை நாளைக்கும்மா தூங்க வைக்கிறது?"

"நான் என்ன சார் பண்ணணும்?"

"நீங்க அவகிட்ட சொல்லணும். அதுல அப்படித்தான் போட்டிருந்துச்சுன்னு. நான் சொன்னா, ஏதோ கவனம் இல்லாம அடுப்பை அணைக்காம விட்டுட்டேன், இப்ப கதை விடுறேன்னுதான் நினைப்பா. முன்னாடி ரெண்டு தடவை அப்படி விட்டிருக்கேன், பொய் சொல்லக் கூடாது. ஆனா இந்தத் தடவை நான் கவனமா இருந்தேம்மா. கண்ணாடி போட்டுப் படிச்சுத்தான் வச்சேன். அது மட்டும் அவளுக்குத் தெரிஞ்சாப் போதும். நாப்பத்தொரு வருஷத்துல முதல் தடவையா என்னை நம்பி வீட்டை விட்டுட்டுப் போனா."

முகவரியும் போன் நம்பரும் சொன்னார். எழுதிக்கொண்டேன். "பாக்குறேன் சார்" என்றேன். 'பாக்குறேன்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வார்த்தைக்கு மட்டும் அவர் அர்த்தம் கேட்கவில்லை.

ஆசிரியரிடம் போனேன். என்னைவிட இருபது வயது சின்னவர். மரியாதை தெரிந்தவர்தான், ஆனால் எப்போதும் கழுத்தில் ஹெட்போன், எப்போதும் பாதிக் காதுதான் நமக்கு.

"அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போடணும்" என்று நடந்ததைச் சொன்னேன்.

"இதுல எங்க மேடம் தப்பு? எழுத்துப்பிழைகூட இல்லையே."

"ரெண்டு உயிர் போயிருக்கு."

"பாவம்தான். ஆனா திருத்தம்னு ஒண்ணு போட்டோம்னா நாளைக்கு ஒருத்தர் பூனை செத்துச்சும்பாரு, ஒருத்தர் மாமியாரே செத்துட்டாங்கம்பாரு. நாம எதுக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கணும்?" என்றார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை. "அந்த ஆளு வீட்டுக்கெல்லாம் போயிடாதீங்க. போனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அப்புறம், நம்ம மொபைல் ஆப்புக்கு ஒரு நாளைக்கு இருபது குறிப்பு கேட்டிருந்தேனே, என்ன ஆச்சு?"

"இருபதைச் செஞ்சு பாக்க எனக்கு ரெண்டு கைதான் இருக்கு."

"யாரு மேடம் செஞ்சு பாக்கச் சொன்னது?" என்றார் நிஜமான ஆச்சரியத்துடன்.

அன்று வீட்டுக்குப் போனபோது கணவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். அவருக்கு மனசு சரியில்லையென்றால் எதையாவது பிரிப்பார். எனக்கு மனசு சரியில்லையென்றால் அவரைப் பிடிப்பேன்.

"காய வைத்துன்னு படிச்சா உங்களுக்கு என்ன தோணும்?"

"எதை?"

"எதையோ. பொதுவா சொல்லுங்க."

"பொதுவா எப்படிச் சொல்றது? துணின்னா கொடியில. எண்ணெய்ன்னா அடுப்புல. வயிறுன்னா, அது நீ தினமும் எனக்குப் பண்றது. மணி எட்டாகப் போவுது."

"வாணலின்னா?"

"அடுப்புலதான்" என்றார் யோசிக்காமல். "'வாணலி காயட்டும், அப்புறம் எண்ணெய் ஊத்துங்க'ன்னு நீயே என்கிட்ட நூறு தடவை சொல்லியிருக்கியே."

நான் அப்படியே சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். சொல்லியிருக்கிறேன். நூறு தடவை இல்லை, ஆயிரம் தடவை. அதே வாய், அதே வாணலி. அன்று செய்து பார்த்தது என் கை, என் கைக்குத் துடைக்கத் தெரியும். எழுதியதோ வார்த்தை, அதை யாரும் செய்து பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் குறிப்புகளை ஒன்றுவிடாமல் சோதித்த நான், குறிப்பை எழுதிய வார்த்தையை ஒரு நாளும் சோதித்ததில்லை.

"என்னடி ஆச்சு?" என்றார் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு.

"ஒண்ணும் இல்ல. அசதி."

பொய் இல்லை. அசதிதான். எத்தனை வருஷத்து அசதி என்று கேட்டிருந்தால்தான் சொல்வதற்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

செவ்வாய், புதன் என்று நாட்கள் ஓடின. போகலாம் என்று பையை எடுப்பேன், ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்ற குரல் கேட்கும், பையை வைத்துவிடுவேன். என் பக்கத்தை எடுத்துவிட்டு அங்கே மசாஜ் நாற்காலி விளம்பரம் போடலாம் என்று போன வருஷமே பேச்சு அடிபட்டது. எனக்கு இந்த வேலை வேண்டும். வியாழக்கிழமை வரவேற்புப் பெண் வந்து, "அந்த வீட்டுக்காரி சார் கூப்பிட்டாரு மேடம். நீங்க மீட்டிங்ல இருக்கீங்கன்னேன். 'சரிம்மா, தொந்தரவு பண்ண வேண்டாம்'னு வச்சுட்டாரு" என்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. ஒரு வாய் திட்டியிருந்தாரென்றால் போகாமலே இருந்திருப்பேன். தொந்தரவு பண்ண வேண்டாமாம், மனுஷனைப் பார்.

சனிக்கிழமை, வருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டு மாலை போனேன். நாலு மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி மேலே போனால், கதவைத் திறந்து வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். உயரமான மனிதர். கைகள் இரண்டும் தடித்துக் காய்ப்பேறிப் போயிருந்தன. வேலையில் இருந்த காலம் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காம்.

"இந்த லிஃப்டை நீங்களே சரி பண்ணக் கூடாதா சார்?" என்றேன் மூச்சு வாங்க.

"தொடக் கூடாதாம். சங்கத்துல கம்பெனிக்கு விட்டிருக்காங்க. சத்தத்தை வச்சே எனக்கு என்ன கோளாறுன்னு தெரியும். சொன்னா கேக்குறதில்ல" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

வீடு சுத்தமாக இருந்தது. பாத்திரங்கள் அளவு வாரியாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் காகிதம் வைத்து அடுக்கப்பட்டிருந்தன. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கூண்டு, அதன் மேல் நீலத் துண்டு. அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தேன். அந்தப் பறவைகளுக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"மேனேஜர், டைப்பிஸ்ட். அவ வேலை பார்த்த ஆபீஸ் ஆளுங்க மாதிரியே இருக்குன்னு வச்சா. மேனேஜர் நாள் முழுக்க கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கும். டைப்பிஸ்ட்தான் டக்டக்குன்னு எதையாவது தட்டிக்கிட்டே இருக்கும்." சொல்லும்போது அவர் விரல் நாற்காலிக் கையைத் தட்டிக் காட்டியது.

பிறகு அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நீளமான கணக்கு நோட்டு, பருத்துப் போய் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. திறந்தால் என் பக்கங்கள். வாரம் வாரமாக வெட்டி ஒட்டியவை. ஆரம்ப காலத்தில் என் படம்கூட மூலையில் போடுவார்கள். அந்த முப்பத்து மூன்று வயது முகம் மங்கலாக என்னைப் பார்த்தது. ஒரு குறிப்பும் விட்டுப் போகவில்லை. இந்த உலகத்தில் என்னை ஒன்றுவிடாமல் படித்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை நான் அங்கே, அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

பிறகுதான் ஓரங்களில் இருந்த சிவப்பு மையைக் கவனித்தேன். 

'வதக்கி ஆற வைத்து' என்று நான் எழுதிய இடத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில்: 'ஃபேன் கீழே. ஃப்ரிஜ்ஜில் இல்லை.'

'சிட்டிகை உப்பு' என்பதற்கு: 'என் விரலுக்கு. உங்கள் விரலுக்குப் பாதி.'

'கை பொறுக்கும் சூட்டில்' என்பதற்கு: 'என் கை. உங்கள் கை எதையும் பொறுக்கும்.'

'சோடா கலந்த நீரில் ஊற வைத்து' என்பதற்கு: 'குடிக்கிற சோடா இல்லை. பச்சை மூடி டப்பா, இரண்டாவது தட்டு.'

'கம்பளிச் சட்டையைக் காய வைக்கும்போது' என்பதற்கு: 'மொட்டை மாடியில். நிழலில். அடுப்புப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம்.'

பக்கம் பக்கமாக இப்படியே. நான் எழுதியதில் எங்கெல்லாம் ஒரு ஆள் தடுக்கி விழலாமோ அங்கெல்லாம் அந்த அம்மா ஒரு சிவப்பு வார்த்தை போட்டிருந்தார்.

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு மாசம் உக்காந்து எனக்காக எழுதினா" என்றார் அவர். "'நீங்க போட்டிருக்கறதை அப்படியே செய்யற ஆளு. அதான் பயமா இருக்கு'ன்னா. லிஃப்ட் வேலையில அப்படித்தாம்மா. புத்தகத்துல நாலு சுத்துன்னா நாலு சுத்து. அஞ்சாவது சுத்தினா ஆள் விழுவான்."

கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். அவற்றில் சிவப்பு மை இல்லை. துண்டுகள் கொஞ்சம் கோணலாக, ஓரத்தில் பசை வழிந்து ஒட்டப்பட்டிருந்தன. வாணலிக் குறிப்பு அங்கே இருந்தது. வெள்ளை ஓரம், என் வார்த்தை, கீழே என் முத்திரை: செய்து பார்த்தாச்சு.

"அவ போனதுக்கப்புறம் வந்த இதழ் எல்லாம் நானே வெட்டி ஒட்டினேன். ஒரு வாரம்கூட விடல. வந்து பாத்தா சந்தோஷப்படுவான்னு."

ஆறு மணிக்குச் சரியாக அவருடைய போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். நானே எடுத்து அவர் முன்னால் பிடித்தேன்.

திரையில் அந்த அம்மா வந்தார். தோளில் குழந்தை, குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே பேசினார். "சாப்டீங்களா? எங்க, துண்டை எடுங்க, இன்னைக்காவது எழுப்புங்க அதுங்களை." பிறகு என் முழங்கையைப் பார்த்துவிட்டார். "யாரு அது பக்கத்துல?"

"வீட்டுக்காரி வந்திருக்காங்க" என்றார் இவர்.

"எந்த வீட்டுக்காரி?"

"நம்ம வீட்டுக்காரிதான். பத்திரிகை."

"அடக் கடவுளே!" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் குழந்தை விழித்துவிட்டது. திரையில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். "நீங்களா? நிஜமாவா? எங்க வீட்டுக்கா? ஏங்க, அந்த நல்ல கப்பை எடுத்துக் கொடுத்தீங்களா இல்லையா? நீங்க அந்தக் கெட்டிலுக்கு எழுதினீங்க பாருங்க, எலுமிச்சை, இங்க மக வீட்டுலயும் அதான் பண்ணினேன்..." அவர் சந்தோஷம் கொட்டிக்கொண்டே இருந்தது. அதை நடுவில் நிறுத்துவதற்குப் பதில் நாலு மாடியையும் இன்னொரு தடவை ஏறச் சொன்னால் ஏறியிருப்பேன்.

"அம்மா, நான் ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். சுற்றி வளைக்கவில்லை. "நான் 'காய வைத்து'ன்னு எழுதினேன். துடைச்சு உலர்த்தணும்னு நினைச்சு எழுதினேன். இவர் கண்ணாடி போட்டுப் படிச்சு, அடுப்புல வச்சு காய வச்சிருக்காரு. புகை வந்து ரெண்டு பறவையும் செத்துப் போச்சு. பதினொரு நாள் ஆச்சு. இவர் கவனமாத்தான் இருந்தாரு. வார்த்தை என்னோடது."

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பத்தொரு வருஷமாகக் குடும்பம் நடத்திய மனிதர், வகுப்பில் அடி வாங்கப் போகிற பிள்ளையைப் போல உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நேரம் எரிஞ்சுது?" என்றார் அந்த அம்மா.

"குளிச்சு முடிக்கிற வரைக்கும்" என்றார் இவர் தரையைப் பார்த்து.

"நீங்க அந்தப் புகைக்குள்ள போனீங்களா?"

"அணைக்கணுமே."

"அன்னைக்குத்தான் ஜுரம்னீங்களா? குளிருது, நெஞ்சு கனக்குதுன்னு சொன்னீங்களே, ஜலதோஷம்னு நினைச்சு மாத்திரை போடச் சொன்னேனே, அதுவா?"

இவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். அந்த அம்மா சத்தம் போட்டு அழுதார். பறவைக்கு அழுகிறாரா, இவருக்கு அழுகிறாரா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அழுகைக்கு நடுவிலேயே திட்டினார். பதினொரு நாளாகச் செத்த கூண்டுக்குத் துண்டு போட்டுத் தாலாட்டுப் பாடினீர்களா என்றார். நாளைக்கே டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டவில்லை என்றால் இந்தப் பக்கமே வர மாட்டேன் என்றார். பறவை போனதை மறைத்தால்கூடப் போகிறது, மூச்சு முட்டியதை மறைப்பார்களா என்றார். இவர் ஒவ்வொன்றுக்கும் "சரி", "சரி" என்று தலையாட்டினார். அவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து கீழே இறங்குவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"துண்டை எடுங்க" என்றார் கடைசியில். "நான் பாக்கணும்."

இவர் எழுந்து போய் எடுத்தார். கூண்டு காலி. ஆனால் கிண்ணத்தில் புதுத் தானியம் நிறைந்திருந்தது, குப்பியில் சுத்தமான தண்ணீர் இருந்தது.

"தீனி எதுக்குப் போட்டிருக்கீங்க?"

"காலையில எழுந்ததும் கை போட்டுடுது" என்றார்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுக்காரிகிட்ட கொடுங்க" என்றார். போனை வாங்கினேன். அடி விழட்டும் என்று காத்திருந்தேன்.

"உங்களைத் திட்ட வாய் வர மாட்டேங்குது" என்றார். "இருபது வருஷம் உங்க பேச்சைத்தான் கேட்டேன். என்னைக் கேட்டா, என் மேலயும்தான் தப்பு. புது இதழ் வரும், இவர் படிப்பாருன்னு எனக்குத் தோணல. ஆனா ஒண்ணு கேக்குறேன். எழுதும்போது உங்களை மாதிரி கை தெரிஞ்சவங்களுக்கு எழுதாதீங்க. இவரை மாதிரி ஆளு பக்கத்துல தனியா உக்காந்து படிக்கிறாருன்னு நினைச்சு எழுதுங்க."

"சரிம்மா" என்றேன்.

புறப்படும்போது இவர் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு படி வரை வந்தார். "அந்தக் குறிப்புக்குப் பக்கத்துல நீங்களே ஒரு வார்த்தை எழுதிடுங்களேன். அவ வர்றப்ப வெறுமையா இருக்க வேண்டாம்" என்று சிவப்புப் பேனாவை நீட்டினார். படியில் உட்கார்ந்து, முழங்காலில் வைத்து எழுதினேன். 'துணியால் துடைத்து. அடுப்பில் இல்லை.' நாலு வார்த்தை. என் பத்தொன்பது வருஷத்தில் அதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

திங்கட்கிழமை பக்கம் கட்டும்போது ஏழாவது குறிப்பை மாற்றினேன். திருத்தம் என்று போட்டால்தானே ஆசிரியருக்குக் கோபம். நான் குறிப்பு என்றே போட்டேன். 'நான்ஸ்டிக் வாணலியைக் கழுவியதும் துணியால் ஈரம் போகத் துடைத்து வையுங்கள். காய வைக்கிறேன் என்று வெறும் வாணலியை அடுப்பில் ஏற்றாதீர்கள். அந்தப் புகை மனிதருக்கும் ஆகாது. வீட்டில் பறவை இருந்தால் அது பிழைக்காது.' ஆசிரியர் படித்துவிட்டுக் கூப்பிட்டால் கூப்பிடட்டும், மசாஜ் நாற்காலி வந்தால் வரட்டும் என்று இருந்தது.

பக்கம் கட்டுகிறவர் சின்னப் பையன் இல்லை, என்னோடு சேர்ந்தே கிழவனான ஆள். திரையில் ஒவ்வொரு குறிப்பின் கீழும் வட்ட முத்திரையை வைத்துக்கொண்டே வந்தார். ஏழாவதுக்கு வந்ததும் அவர் கையைப் பிடித்தேன்.

"இதுக்கு முத்திரை வேண்டாம்."

"ஏன், நீங்க செஞ்சு பாக்கலையா?" என்றார்.

"நான் பாக்கல. வேற ஒருத்தர் செஞ்சு பாத்துட்டாரு."